கைப்பிடிச் சுவரில் பனி

எங்கள் வீட்டுக்கார அண்ணாச்சி மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் பனி வைப்பார். தூத்துக்குடியில், சித்திரை வெயிலில் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

பனி என்று அவர் சொல்வது குளியலறைச் சுவரில் ஒட்டுகிற வெள்ளை டைல்ஸைத்தான். வீடு கட்டியபோது மிஞ்சியவை. ஒவ்வொன்றிலும் தேங்காய் எண்ணெயை விரல் நுனியால் தொட்டு மெல்லப் பூசி, துறைமுகத்தைப் பார்க்க ஒன்று, லாரி போகிற சாலையைப் பார்க்க ஒன்று, பக்கத்து வீட்டைப் பார்க்க ஒன்று என்று சாயங்காலம் வைத்துவிட்டுப் போவார். காலையில் வந்து மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரு விரலால் தேய்த்துப் பார்ப்பார். நறநறத்தால் மண். வழுக்கிக்கொண்டு போனால் கரி. மண்ணைப் பற்றி அவருக்கு ஒரு அபிப்பிராயமும் கிடையாது. கரியாக இருந்தால் மட்டும், "இது யாரு புகை?" என்று கேட்பார்.

யாரிடம் கேட்கிறார் என்பது தெளிவாக இருக்காது. குடிவந்த புதிதில் என்னிடம்தான் கேட்கிறார் என்று நினைத்து, துணி காயப்போட்டபடியே "தெரியலயே அண்ணாச்சி" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் சாத்தான்குளத்துக்காரி. துறைமுகத்தில் வந்திறங்கும் சரக்குக்கெல்லாம் காகித வேலை பார்க்கிற ஒரு ஏஜென்சியில் வேலை கிடைத்துத் தூத்துக்குடிக்கு வந்தேன். அண்ணாச்சி வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வெள்ளைச் சேலை கட்டிப் போகிற வழக்கம் எங்கள் வீட்டில் உண்டு. இந்த ஊருக்கு வந்த கொஞ்ச நாளிலேயே வெள்ளைச் சேலையை விட்டுவிட்டேன். கொடியிலிருந்து எடுக்கும்போதே அதில் கறுப்புப் புள்ளி போட்டிருக்கும். கர்த்தர் உள்ளத்தைத்தான் பார்க்கிறார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மெரூன் நிறத்துக்கு மாறிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சீலாக் கருவாடு பொரித்தேன். போன் வந்தது, பேசிக்கொண்டிருந்துவிட்டேன், தீய்ந்துவிட்டது. மறுநாள் காலை கதவு தட்டும் சத்தம். திறந்தால் அண்ணாச்சி, கல்யாண வீட்டுப் பலகாரம் கொண்டுவந்தவர் போல இரண்டு கையிலும் ஒரு டைல்ஸை ஏந்திக்கொண்டு நிற்கிறார்.

"எம்மா, இது ஒங்க புகை."

பார்த்தேன். ஒரு ஓரத்தில் கண்மை தீற்றினாற்போல இருந்தது.

"கருவாடு தீஞ்சிட்டு அண்ணாச்சி."

"தெரியும். வாசம் வந்துச்சு. சண்டைக்கு வரல. தெரிஞ்சிக்கிடுங்க, அவ்ளோதான்."

போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. என் அடுப்பு, என் கருவாடு, வாடகை கொடுக்கிறேன் என்று நல்ல பதில்களாக எடுத்து வைத்திருந்தேன். ஒன்றையும் கேட்காமல் இறங்கிப் போகிறார். அவரிடம் உள்ள தொல்லையே அதுதான். நிறுத்து என்று சொன்னால் முடியாது என்று சொல்லலாம். தெரிந்துகொள் என்று சொல்கிற ஆளை என்ன செய்வது? அதற்குப் பிறகு சட்டியில் எண்ணெய் ஊற்றினாலே என் கை தானாகப் போய் அடுப்பைக் குறைத்தது.

தெருவில் எல்லாருக்கும் இந்த மரியாதை நடந்திருக்கிறது. முக்கு டீக்கடைக்காரர், அண்ணாச்சி டைல்ஸோடு வருவதைத் தூரத்தில் பார்த்தாலே "எனக்குத் தெரியும் அண்ணாச்சி, எனக்குத் தெரியும், டீ குடிங்க" என்பார். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் தினமும் காலையில் வாசல் குப்பையைக் கூட்டிக் கொளுத்துகிறவர். அவர் மட்டும் விடவில்லை. லாரிப் புகை என்றார், கொண்டல் காற்றில் கடல் பக்கமிருந்து வந்தது என்றார். அண்ணாச்சி எதையும் மறுக்காமல், "அப்பம் நாளைக்கு நீங்க கொளுத்தாம இருங்க சார், லாரியும் கொண்டலும் வரட்டும், பாப்போம்" என்றார். மறுநாள் அந்தப் பக்கத்துப் பனி வெள்ளையாகவே இருந்தது. தலைமை ஆசிரியர் அதற்குப் பிறகு குப்பையைப் பின்வாசலில் வைத்துக் கொளுத்தினார். அங்கிருந்தும் புகை வந்தது. அங்கேயும் டைல்ஸ் போனது. கடைசியில் அவர் குப்பைவண்டிக்காரரோடு சமாதானமாகிவிட்டார்.

ஒருமுறை நிலக்கரி கொட்டிவைக்கிற ஒரு கிடங்கின் வாசலுக்கே அண்ணாச்சி போயிருக்கிறார். காவலாளி யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாராம். "இதுக்குச் சொந்தக்காரரை" என்று டைல்ஸைக் காட்டியிருக்கிறார். உள்ளே விட அனுமதி இல்லை, கொடுத்துவிட்டுப் போங்கள், காட்டிவிட்டுத் தருகிறேன் என்று காவலாளி வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாள் போனபோது திருப்பிக் கொடுத்தார். நல்ல மனிதர், சோப்புப் போட்டுக் கழுவி வைத்திருந்தார்.

இதெல்லாம் எதற்கு என்றால் மதினிக்காக. மதினி என்றால் அண்ணாச்சியின் மனைவி. நான் அப்படித்தான் கூப்பிடுவேன். மதினிக்கு இளைப்பு. ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்க மூச்சுப் பற்றாது. "ஏளா, சாப்ட்டு" என்று ஒருமுறை இழுத்து, "ட்டியா?" என்று முடிப்பார். மாடிப்படி ஏற மாட்டார். கீழே நின்று ஒரு கரண்டியால் கைப்பிடிக் கம்பியைத் தட்டினால் நான் இறங்கி வர வேண்டும் என்று அர்த்தம். வாயில் வைத்து அமுக்குகிற மருந்துப் பம்பை இடுப்பில் சாவிக்கொத்தோடு சேர்த்துச் செருகியிருப்பார். டாக்டர் பரிசோதித்துவிட்டு, புகைதான் இவர்களுக்கு ஆகாது, எந்தப் புகை என்று பார்த்து விலக்கி வையுங்கள் என்று சொல்லியிருக்கிறார். எல்லா டாக்டரும் எல்லாரிடமும் சொல்வதுதான். எந்தப் புகை என்று பார்க்கக் கிளம்பிய ஒரே ஆள் எங்கள் அண்ணாச்சியாகத்தான் இருக்கும்.

அவர் அப்படிக் கிளம்புவதற்கு முன்கதை ஒன்று உண்டு. அதற்குத் தென்துருவம் வரைக்கும் போய் வர வேண்டும்.

அண்ணாச்சி டீசல் ஜெனரேட்டர் மெக்கானிக். வேலை பார்த்த கம்பெனி, ஒரு வருஷத்துக்கு அவரைத் தென்துருவப் பக்கம் அண்டார்டிகாவில் இருக்கிற ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பியது. அந்த ஊரில் ஜெனரேட்டர் நின்றால் ஆளும் நின்றுவிடுவார் என்பதால் மெக்கானிக்குக்கு நல்ல மரியாதை. திரும்பி வந்தபோது தெருவே திரண்டு வந்து பெங்குவின் பார்த்தீர்களா என்று கேட்டதாம். "பாத்தேன். நல்லா இருந்துச்சு. கறுப்பு தனியா வெள்ளை தனியா இருக்கும்" என்றாராம். பெங்குவினைப் பற்றி அவ்வளவுதான். ஜெனரேட்டர் கொட்டகையின் பின்புறத்தைப் பற்றிக் கேட்டால் நாள் முழுக்கச் சொல்வார். புகைக்குழாய் பார்த்த பக்கம் மட்டும் பனி சமமாக இருக்காதாம். கரி விழுந்த இடமெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு உள்வாங்கிக் குழிகுழியாகக் கிடக்குமாம். "வெள்ளையா இருக்குறவரைக்கும் வெயில் ஒண்ணும் செய்யாதும்மா. கொஞ்சூண்டு கரி பட்டுட்டா அந்த எடம் எறங்கிரும்" என்பார். அதைச் சொல்லும்போது கண் மதினி இருக்கிற அறைப் பக்கம் போகும்.

அந்த நிலையத்தில் மதுரைக்கார இளைஞர் ஒருவர் விஞ்ஞானியாக இருந்தார். காற்றில் எவ்வளவு கரி இருக்கிறது என்று பார்ப்பதுதான் அவர் வேலை. அதற்கான மிஷின் எல்லாவற்றுக்கும் எட்டத்தில், காற்று முதலில் வந்து சேரும் பக்கமாக, ஒரு சின்னக் குடிலில் இருந்தது. குழாய் வழியே காற்றை உறிஞ்சி ஒரு வெள்ளை நாடாவில் விடும். நாடா எவ்வளவு கறுக்கிறதோ அவ்வளவு கரி. உலகத்தின் இன்னொரு மூலையில் காடு எரிந்தாலும் கப்பல் புகைந்தாலும் அதில் ஒரு துளி அங்கே வரைக்கும் வந்து பனியில் இறங்கும், அதைப் பிடிக்கத்தான் காத்திருக்கிறேன் என்று அந்த இளைஞர் சொல்வாராம். ஆனால் நாடா வெளுத்தே இருந்தது. மனிதர் வெறுத்துப்போயிருந்தார். குடில் பக்கம் வண்டி போகக் கூடாது, பீடி சிகரெட் கூடாது, நடந்துதான் போக வேண்டும். இந்த விதிமுறைகளை எல்லாரையும்விடக் கறாராகக் கடைப்பிடித்தவர் அண்ணாச்சி.

அப்போது ஆயுத பூஜை வந்தது.

ஜெனரேட்டர்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். பனியில் ஓடுகிற வண்டிக்கு வைத்தார். சக்கரத்தில் நசுக்க எலுமிச்சம்பழம் இல்லாததால் உருளைக்கிழங்கு. சமையல்காரரின் கத்திக்கு, தன் ஸ்பேனர்களுக்கு, டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்புக்கு. எல்லாம் முடிந்து கை கழுவப் போகும்போது எட்டத்தில் தனியாக நிற்கிற அந்தக் குடில் கண்ணில் பட்டது.

"எல்லா மிசினுக்கும் செஞ்சிட்டு அதை மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்?" என்று என்னைக் கேட்டார். நல்லாயிருக்காது என்றுதான் எனக்கும் பட்டது. எங்கள் ஆபீஸில் கால்குலேட்டருக்குக்கூடப் பொட்டு வைப்பார்கள். நான் அல்லேலூயாக்காரி, என் மேசைக் கால்குலேட்டருக்கும் சேர்த்துத்தான்.

விதிமுறைப்படி நடந்தே போயிருக்கிறார். மிஷின் பூட்டின பெட்டிக்குள் இருந்தது. உறிஞ்சுகிற குழாய் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "அதான அதுக்கு வாயி? ஆளுன்னா மொகத்துக்கு நேரதான காட்டுவோம்?" குழாயின் வாயருகே சூடத்தைக் கொளுத்தி, காற்றில் அணையாமல் இருக்க உடம்பாலும் கையாலும் மறைத்துக்கொண்டு, நின்று நிதானமாக மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டியிருக்கிறார். எதைச் செய்தாலும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை அவர்.

மறுநாள் அந்த இளைஞர் ஓடி வந்தாராம். நாடா கறுத்துவிட்டது! கம்ப்யூட்டர் கோடு மலை போல எழும்பி நிற்கிறது. எங்கோ பெரிய காட்டுத்தீ, கடல் தாண்டி வந்துவிட்டது, இப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை என்று எல்லாரையும் கட்டிப்பிடித்திருக்கிறார். சமையல்காரர் கேசரி கிண்டினார். அண்ணாச்சியும் கை கொடுத்தார், கேசரி சாப்பிட்டார். "முந்திரி போட்டிருந்தான். நல்லா இருந்துச்சு" என்று என்னிடம் ஒப்புக்கொண்டார். சாப்பாட்டு மேசையில் அந்த இளைஞர் கோட்டைக் காட்டி, நேற்று மத்தியானம் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் புகை வந்து சேர்ந்திருக்கிறது, ஊருக்குச் செய்தி அனுப்பப் போகிறேன் என்று விளக்கியபோதுதான் அண்ணாச்சிக்குக் கேசரி தொண்டையில் நின்றது.

"சார், அந்த மிசினு சூடத்தைக் காடுன்னு நெனைக்குமா?" என்று கேட்டிருக்கிறார்.

"எந்தச் சூடம்ணே?"

சொன்னாராம். அந்த இளைஞர் கம்ப்யூட்டரை மெல்ல மூடிவிட்டு எழுந்து போய்விட்டார். சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் சாப்பிட உட்காரும்போது, கோபம் எதுவும் இல்லாத குரலில், "அண்ணே, இன்னைக்கு என்னவெல்லாம் எரிச்சீங்க?" என்று கேட்டார். அண்ணாச்சி யோசித்து யோசித்துச் சொன்னார். அதன்பிறகு ஊர் திரும்புகிற வரைக்கும் தினமும் அந்தக் கேள்வி, தினமும் பதில்.

"அந்தப் பையன் ஒரு வார்த்தை ஏசலம்மா. ஏசியிருந்தாம்னா நான் மறந்திருப்பேன்" என்றார் அண்ணாச்சி. கருவாட்டு விஷயத்தில் எனக்கு நேர்ந்தது என்னவென்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அதிலிருந்து ஆயுத பூஜைக்கு அவர் சூடம் கொளுத்துவதில்லை. சூடத்தைத் தட்டில் வைத்து, கொளுத்தாமலே, ஒவ்வொரு எஞ்சினுக்கும் பயபக்தியோடு சுற்றிக் காட்டுவார். பார்க்கிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். எஞ்சின்கள் ஒன்றும் குறை சொன்னதாகத் தெரியவில்லை.

எஞ்சின்கள் எங்கே இருந்தன என்று சொல்ல வேண்டும். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு அண்ணாச்சி சொந்தமாகப் பட்டறை வைத்திருந்தார். கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர், ஐஸ் பிளான்ட் ஜெனரேட்டர், ஜவுளிக்கடை ஜெனரேட்டர் எல்லாம் கரும்புகை கக்கிக்கொண்டு அங்கே வந்து சேரும். கழற்றி, துடைத்து, டீசல் தெளிக்கிற நாசிலை மாற்றி, ஓடவிட்டு, காது வைத்துக் கேட்டு, மறுபடி கழற்றி மாட்டி, புகை கண்ணுக்கே தெரியாத பதத்துக்குக் கொண்டுவந்துதான் அனுப்புவார். அனுப்புமுன் சைலன்சர் வாயில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் பிடிப்பார். வெள்ளையாகவே திரும்பி வரும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குக் கர்வம் உண்டு. காலையில் எழுந்ததும் ஒரு எஞ்சினைத் தட்டி விட்டுவிட்டு வந்து உட்கார்வார். டுகுடுகு சத்தம் வந்தால்தான் காப்பி டம்ளரைக் கையில் எடுப்பார்.

மாடியில் நாலு பக்கமும் பார்க்கிற எனக்கு ஒன்று உறுத்தியது. கிழக்கே பனி, தெற்கே பனி, வடக்கே பனி. மேற்கே, பட்டறைப் பக்கம் ஒன்றும் இல்லை. கேட்டேன்.

"அங்கன எதுக்கும்மா? என் எஞ்சின்ல புகை பாத்திருக்கியளா?"

"இல்ல அண்ணாச்சி."

"பொறவு என்ன?"

உண்மைதான், அவர் வேலை முடித்த எஞ்சினில் பார்த்ததில்லை. அதனால் விட்டுவிட்டேன்.

கச்சான் காற்று, அதாவது மேல்காற்று, பலமாக அடிக்கிற மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஆபீஸ் அரைநாள். வீட்டுக்கு வந்தபோது கொல்லைக் குழாயடியில் மதினி எதையோ அடித்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். ஓரத்தில் நீலக் கோடு போட்ட வெள்ளைப் பீங்கான் தட்டு. கல்யாணத்துக்கு வந்தது, விருந்தாளிக்குக்கூட எடுக்காதது. அதிலிருந்து வழிந்து ஓடிய தண்ணீர் கறுப்பாக இருந்தது. என்னைப் பார்த்ததும் மதினி தட்டைச் சேலைக்குள் மறைத்தார். இளைக்கிற ஆளுக்கு மறைக்கிற வேகம் வராது. நான் பார்த்துவிட்டேன்.

"என்ன மதினி இது?"

மதினி பட்டறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அண்ணாச்சி ஏதோ ஒரு எஞ்சினுக்குள் தலையைவிட்டிருந்தார். பிறகு என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ப் படுக்கையறை ஜன்னலைக் காட்டினார். மதினியின் தலைமாட்டுக்கு நேர் மேலே இருக்கிற ஜன்னல். அதைத் திறந்தால் பட்டறை. அதன் வெளித் திண்டில் எண்ணெய் வட்டமாகக் கறை பிடித்திருந்தது.

எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அண்ணாச்சியின் எஞ்சின் சுத்தமாகத்தான் போகும். சுத்தமான எஞ்சின் வாடிக்கையாளரோடு கிளம்பிப் போய்விடும். அது சுத்தமாகிற வரைக்கும் கக்கிய புகையெல்லாம் இந்த வீட்டில் தங்கிவிடும்.

"எப்பத்துல இருந்து மதினி?"

"போன கச்சான்ல இருந்து. தெனமும் வைப்பேன், அவரு பாக்கு", மூச்சு வாங்கினார், "முன்ன கழுவிருவேன்."

"சொல்லாம கழுவுததுக்கு எதுக்கு வைக்கிய?"

"எனக்குத் தெரியணும்லா? யாரு புகைன்னு தெரியாம இளைக்கதுக்கு, தெரிஞ்சி இளைக்கலாம்."

"அண்ணாச்சிட்ட சொல்லுங்க மதினி. ஊருக்கே சொல்லுத மனுசரு."

"சொன்னா பட்டறையை மூடிருவாரு. அவரைத் தெரியாதா ஒனக்கு? மூடிட்டு என்ன செய்வாரு? சத்தம் கேக்கலேன்னா அந்த மனுசனுக்குக் காப்பி எறங்காது ஏளா."

"ஒங்க மூச்சு?"

"அது வாரப்ப வருது."

எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபமும் வந்தது. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் இப்படிக் காப்பாற்றிக்கொண்டிருந்தால் நடுவில் மூச்சு எப்படி ஓடும்? சொல்லக் கூடாது என்று பைபிள்மீது சத்தியம் வாங்கிக்கொண்டார். பைபிள் என்னுடையது, யோசனை மதினியுடையது.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு முந்தின சில நாட்கள் பட்டறையில் வேலை மும்முரம். பூஜைக்கு முன் எல்லாருக்கும் எஞ்சின் வேண்டும். மதினி படுத்தே கிடந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய், மூக்கில் கவசம் மாட்டி மருந்தை ஆவியாகப் பிடிக்கவைத்துக் கூட்டிவந்தோம். அண்ணாச்சி ஆட்டோவிலிருந்து இறங்கியதும் நேராக மாடிக்குப் போய்ப் பனியை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. "யாரு புகை? யாரு புகை?" என்று படியிறங்கும்போது சொல்லிக்கொண்டே வந்தார். அந்தக் குரலில் அவரை நான் அதற்குமுன் கேட்டதில்லை. பயந்துபோயிருந்தார். நான் சத்தியத்தை நினைத்துக்கொண்டு என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பூஜையன்று காலை மதினி எழுந்து, பிடிவாதமாகச் சுண்டல் வேகவைத்தார். என்னையும் கூப்பிட்டிருந்தார். அண்ணாச்சி குளித்து, வேட்டி கட்டி, சந்தனக் கிண்ணமும் கொளுத்தாத சூடத் தட்டுமாக வந்தார். எஞ்சின்களுக்கு வைத்தார், ஸ்பேனர்களுக்கு வைத்தார். மாடிக்குப் போய், அவையும் வேலை செய்கிற சாமான்தானே என்று, பனி ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு வைத்தார். இறங்கி வந்து, எதையாவது விட்டுவிட்டோமா என்று சுற்றிப் பார்த்தார். அவரால் ஒன்றை விட்டுவிட்டு இருக்க முடியாது என்பதுதான் நமக்குத் தெரியுமே. கொட்டகை ஓரமாகப் போனவர், படுக்கையறை ஜன்னல் பக்கம் நின்றுவிட்டார்.

மதினி படுத்துக் கிடந்த நாட்களில் தட்டைக் கழுவ ஆள் இல்லை. நான் சுண்டல் கிண்ணத்தோடு அடுக்களை வாசலில் நின்றேன். மதினி என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணாச்சி தட்டை எடுத்தார். நீலக் கோடு மட்டும் தெரிந்தது, மற்ற இடமெல்லாம் கறுப்பு. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். ஒரு விரலால் தேய்த்தார். விரல் வழுக்கிக்கொண்டு போனது.

"இது யாரு" என்று ஆரம்பித்தார்.

முடிக்கவில்லை. திரும்பிப் பட்டறையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், ஜன்னலுக்குள்ளே தலையணையைப் பார்த்தார். காற்று முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு மதினிக்கு முன்னால் வந்து தட்டை இரண்டு கையிலும் ஏந்தினார்.

"என் புகைதான்."

மதினி அவர் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தார். மூச்சை இழுத்துச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் சொன்னார்.

"சண்டைக்கு வரல. தெரிஞ்சிக்கிடுங்க, அவ்ளோதான்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து சுண்டலில் கொட்டியது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. தட்டைத் திரும்ப ஜன்னல் திண்டில் வைத்தார். கிண்ணத்தில் விரலைத் தோய்த்து அந்தக் கறுப்பின் நடுவில் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார், அதன் மேலே குங்குமம். கொளுத்தாத சூடத்தை மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டினார். அப்புறம் பட்டறைக்குப் போய், ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை நிறுத்தினார்.

மதினி பயந்ததுபோல அவர் பட்டறையை மூடவில்லை. புறவழிச்சாலைக்கு அந்தப் பக்கம், உப்பளங்களுக்கு நடுவில், ஆள் குடியில்லாத ஒரு இடத்தை வாடகைக்குப் பிடித்து எல்லாவற்றையும் அங்கே மாற்றினார். அங்கேயும் ஒரு டைல்ஸ் வைத்தார். உப்புக்காரர்களிடம் அதை அவரே தினமும் கொண்டுபோய், "இது என் புகை, தெரிஞ்சிக்கிடுங்க" என்று காட்டினார். பாத்தியில் உப்பும் வெள்ளைதானே, அவர்களும் பார்த்து வைத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் துறைமுகப் பக்கத்துப் பனி வழக்கம்போலக் கறுத்துக்கொண்டுதான் இருந்தது. மதினியின் பம்பும் இடுப்பை விட்டு இறங்கவில்லை. ஆனால் மாதம் போகப் போக, ஒரு கேள்வியை இரண்டாக உடைக்காமல் கேட்க ஆரம்பித்தார்.

அண்ணாச்சிக்குத்தான் காப்பி இறங்கவில்லை. காலையில் பழக்கத்தில் கொல்லைப் பக்கம் போவார், காலியான கொட்டகையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்வார். டம்ளர் அப்படியே ஆடை கட்டி ஆறிப்போகும். மதினி எடுத்துப்போய்ச் சூடுபண்ணிக் கொண்டுவருவார், அதுவும் ஆறும்.

எனக்குச் சென்னைக்கு மாற்றல் வந்து, சாவியைக் கொடுக்கக் கீழே இறங்கின காலையிலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். மதினி அடுக்களையிலிருந்து வந்து எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"குடிங்க."

"ம்."

"சத்தந்தான வேணும்?" என்றார் மதினி. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து, வாயால் ஆரம்பித்தார். "டுகுடுகுடுகுடுகுடுகு..."

அண்ணாச்சி என்னைப் பார்த்து வெட்கப்பட்டார். மதினி நிறுத்தவில்லை. எங்கே மூச்சு அறுபடப் போகிறதோ என்று நான் அவர் இடுப்புப் பம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபடவில்லை. அண்ணாச்சி காதைச் சாய்த்து, நாசில் மாற்றின எஞ்சினைக் கேட்பதுபோலக் கேட்டார். பிறகு டம்ளரை எடுத்து, மதினி நிறுத்துவதற்குள், முழுவதையும் குடித்துவிட்டார்.